புழங்காத ரப்பர்

நெற்குப்பையிலிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஊரைச் சுற்றிலும் செம்மண்ணும் சரளையும்தான். பெய்த மழையைத் தங்கவிடக் கூடாது என்று பூமியே முடிவெடுத்துவிட்ட பிரதேசம். அந்த ஊரில், உமையாள் ஆச்சி வீட்டுக் கார் ஷெட்டில், டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் படகு கால் நூற்றாண்டாக நின்றுகொண்டிருந்தது. ஆச்சியின் கணவர் பினாங்கிலிருந்து கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வந்தது. தொண்டிக் கடலில் நாலைந்து தடவை ஓட்டினார். பிறகு அவருக்கு இருதயம் மக்கர் செய்தது. படகு ஷெட்டுக்குப் போனது. அவர் கொஞ்ச நாளில் சுவரில் படமானார். டிராக்டர் ஓட்டுகிறவர் படகின் மேல் துண்டு காயப்போட்டார். வேறு யாரும் அதனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் படகைத் திரும்பக் கடலுக்கு அனுப்பும் வேலை, அதுவரை படகில் கால்கூட வைத்திராத அருள்பாண்டியின் தலையில் வந்து விழுந்தது. காரைக்குடியில் தேவகோட்டை ரோட்டில் அவர் கடை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ரிப்பேர். ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் ஆறேழு வருஷம் மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றி, ஊர் திரும்பிக் கடை போட்டவர். தண்ணீரை மேலே கொண்டுவருகிற மோட்டாருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. அது உள்ளே புகுந்தால் மோட்டார் காலி. ஆகவே அருள்பாண்டியின் முப்பது வருஷ உழைப்பும் தண்ணீரைத் தடுப்பதிலேயே கழிந்தது. அதைச் செய்வது மோட்டாரின் தண்டைச் சுற்றி உட்காரும் ஒரு ரப்பர் வளையம். கடைக்காரர்கள் பாஷையில் சீல். ‘சீல் போயிருச்சு’ என்று யார் புலம்பினாலும் சுற்றுவட்டாரத்தில் அருள்பாண்டியைக் கைகாட்டுவார்கள்.

ஆனால் படகு விஷயத்தில் யாரும் அவரைக் கைகாட்டவில்லை. அவராகவே போய் மாட்டிக்கொண்டார். ஆச்சி தன் பெரிய வீட்டை வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தாள். கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போன இடத்தில், “வர்றவுகளைக் கடலுக்கும் கூட்டிட்டுப் போனா நல்லாருக்கும், ஷெட்டுல மோட்டார் போட்டு இருக்கு, ஓட்டத்தான் ஆளில்லே” என்று ஆச்சி பேச்சுவாக்கில் சொன்னாள். அருள்பாண்டி வாயை மூடிக்கொண்டு மோட்டாரை இறக்கியிருக்கலாம்.

“என் மச்சினன் இருக்கான் ஆச்சி. கத்தார்ல ஓட்டல்காரவுக மோட்டார் போட்டை ஓட்டுனவன்.”

சொன்னதில் தப்பில்லை. மனைவி யோகலட்சுமியின் தம்பி கோபிநாத் கத்தாரில் இரண்டு வருஷம் படகு ஓட்டியவன்தான். ஓட்டலை மூடிவிட்டதால் ஊருக்கு வந்து சும்மா இருந்தான். கல்லலில் சினேகா என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால்தான் தேதி குறிப்போம் என்று பெண்வீட்டார் தாம்பூலத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆச்சி அன்றைக்கே கோபிநாத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டாள். கல்லலுக்குச் செய்தி போனது. ஆவணியில் தேதி குறித்தாயிற்று. அதற்கப்புறம்தான் படகை யாராவது பார்க்க வேண்டுமே என்று எல்லாருக்கும் தோன்றியது.

அருள்பாண்டி பார்த்தார். எஞ்சின் படகுக்குள்ளே இருந்தது. காற்றாடி மாட்டிய கால் வெளியே, பின்பக்கம் தொங்கியது. இரண்டையும் இணைக்கும் தண்டு, படகின் பின்சுவரில் உள்ள ஓட்டை வழியாகப் போயிற்று. தேங்காய் போகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. படகின் அடியில் ஓட்டை போட்டு, அதைக் கடலில் விடுவதற்குப் பணமும் வாங்கிய வெள்ளைக்காரனின் தைரியத்தை அவர் கொஞ்ச நேரம் வியந்தார். அந்த ஓட்டைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது ஒன்றே ஒன்று: ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. அதை விரலால் தொட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

“ரப்பர் எல்லாம் போச்சு ஆச்சி. துருத்தி, ஆயில் சீலு, சின்ன வளையம் எல்லாமே மாத்தணும்.”

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போடுறீக?” என்றாள் ஆச்சி. “எங்க வீட்டு அவுக எதையும் டஜன் கணக்குலதானே வாங்குவாக. இங்குட்டு வாங்க.”

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் சாமான் அறையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு விளக்கினாலும் நம்ப மாட்டார்கள். பெண்ணுக்குச் சீர் என்று வாங்கிய அண்டா குண்டான்கள், எனாமல் தட்டுகள், பீங்கான் ஜாடிகள், எல்லாம் டஜன் டஜனாக, சுற்றிய காகிதம் சுற்றியபடி இருக்கும். அம்மா புழங்க மாட்டாள், மகளுக்குக் கொடுப்பாள். மகள் புழங்க மாட்டாள், பேத்திக்கு வைப்பாள். எழுபது வருஷம் கழித்து எடுத்தாலும் அது புதுச் சாமான்தான். பழசு என்பது புழங்கினது. அந்த வீடுகளில் பொருளுக்கு வயசு ஏறுவது வருஷத்தால் அல்ல, கை பட்டதால். பித்தளைக்கும் பீங்கானுக்கும் இந்தச் சட்டம் கச்சிதமாகப் பொருந்தியதால், வேறு எதற்காவது பொருந்தாமல் போகுமா என்று யாரும் யோசித்ததில்லை.

தகரப் பெட்டியை ஆச்சி திறந்தாள். முகப்பவுடர் மாதிரி வெள்ளைப் பொடி தூவி, ஒவ்வொன்றும் தனிப் பையில், துருத்தி ரப்பர்கள் ஒரு டஜன் படுத்திருந்தன. ஒன்றை எடுத்து ஆச்சி இழுத்தாள். நீண்டது. விட்டாள். சுருங்கியது.

“எப்புடி இருக்கு பாத்தீகளா? பொடிகூடக் கலையலே.”

அருள்பாண்டி அதை வாங்கி, மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பின்பக்கமாக வளைத்தார். பள்ளத்தில், குதிகால் வெடிப்பு தொடங்குகிற மாதிரி, மயிரிழைக் கோடுகள்.

“ஆச்சி, இந்தா பாருங்க, கீறல் விட்டுருக்கு.”

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“ரப்பருக்குப் பொட்டிக்குள்ள இருந்தாலும் வயசாகும் ஆச்சி.”

“புழங்காம எப்புடிய்யா வயசாகும்? நல்ல கதையா இருக்கே!”

“ரப்பரோட குணம் அப்பிடி ஆச்சி...”

“சரி, ஒண்ணு கேக்குறேன். உங்க கடையில ஆணியில மாலை மாதிரி தொங்குதே சீலு, அதெல்லாம் என்னைக்கு வாங்குனது?”

அருள்பாண்டி கையிலிருந்த துருத்தியை மறுபடி வளைத்தார். வெயில் நேராக விழுகிற சுவரில் அந்த மாலை எத்தனை வருஷமாகத் தொங்குகிறது என்று அவருக்கே தெரியாது. தை மாசம் ஆச்சியின் கிணற்று மோட்டாருக்குப் போட்டது அந்த மாலையிலிருந்து உருவியதுதான். ‘புதுசு ஆச்சி’ என்று சொல்லித்தான் போட்டார். மோட்டாரும் இன்றுவரை சொட்டுக் குறையில்லாமல் ஓடுகிறது.

“தை மாசம் எங்க மோட்டாருக்குப் போட்ட சீலு ஓடுதுல்ல?” என்றாள் ஆச்சி.

“ஓடுது.”

“அப்புறமென்ன?”

கிணற்று மோட்டாரின் சீல் போனால் மோட்டார்தான் போகும், ஆள் போக மாட்டான் என்ற பதில் அவருக்குத் தோன்றியது. ஆனால் வீடு போய்ச் சேர்ந்து, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டின் தூண்கள், இத்தாலிக் கண்ணாடி, பளிங்குத் தரை எல்லாமே ஆச்சியின் மாமனாருக்கு அப்பா மலாயாவில் வைத்திருந்த ரப்பர் தோட்டத்தில் விளைந்தவை. ரப்பரால் எழுந்த வீட்டில் நின்றுகொண்டு ரப்பருக்கு வயசாகும் என்று சொல்வது, கோயிலுக்குள் நின்று சாமிக்குக் காது கேட்காது என்று சொல்வதுபோலத்தான். யாருக்கும் அது பிடிக்காது.

மறுநாள் அவர் கொச்சியில் படகுச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போன் போட்டார். எஞ்சின் பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு மலையாளி சிரித்தார்.

“அண்ணா, ஆ கம்பெனி பூட்டியிட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு. ரப்பர் எங்கயும் கிட்டாது.”

“வேற கம்பெனி ரப்பர் சேருமா?”

“சேராது. நிங்கள்கிட்ட பழசு ஏதும் உண்டோ?”

“ஒரு டஜன் இருக்கு. ஆனா எல்லாம் அந்தக் காலத்துல வாங்குனது.”

எதிர்முனை மூச்சை இழுத்துப் பிடித்தது. “ஒரு டஜனா! யூஸ் பண்ணினதோ?”

“இல்ல. பொட்டியிலேயே இருந்துச்சு.”

“அப்போ புதுசு தன்னே அண்ணா! எனிக்கு ஒரு ஆறெண்ணம் தருமோ?”

அருள்பாண்டி போனை வைத்துவிட்டார். உலகத்தில் இந்த விஷயத்தைத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்று எதிர்பார்த்து, இருந்த ஒருவரையும் கேட்டாயிற்று. அவரும் ஆச்சியின் கட்சி.

ராத்திரிச் சோற்றில் யோகலட்சுமி ரசத்தை ஊற்றிவிட்டு நின்றாள்.

“ஆச்சி வீட்டு வேலைய எப்ப முடிக்கப் போறீக? கல்லல்காரவுக போன் பண்ணிட்டே இருக்காக.”

“அந்த ரப்பரு சரியில்லடி. நடுக்கடல்ல விட்டுருச்சுன்னா உன் தம்பி பாடு என்னாகும்?”

“நீங்க மாட்டுனது எதுங்க விட்டுருக்கு? ஊரு பூராம் உங்க சீலுல தண்ணி குடிக்குது. என் தம்பிக்குன்னு வாரப்பத்தான் உங்களுக்கு ரப்பரு இத்துப் போகுது.”

“உன் தம்பிக்காகத்தாண்டி சொல்றேன்.”

“அவனுக்காகன்னா மாட்டுங்க.”

மாட்டாவிட்டால் கோபிநாத்துக்கு வேலையில்லை, கல்யாணமில்லை. மாட்டினால் வேலையும் கல்யாணமும் உண்டு, கோபிநாத் இருப்பானா என்பதுதான் கேள்வி. அருள்பாண்டி ரசத்தைக் குடித்தார்.

மாட்டினார். டஜனையும் பையிலிருந்து எடுத்து ஜமுக்காளத்தில் பரப்பி, ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, கீறல் குறைவானதைப் பொறுக்கினார். ஷெட்டின் தேக்கு உத்தரத்தில் கனம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, ஒரு ஆள் கனமிருந்த படகின் காலைக் கழற்றி இறக்கினார். துரு சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை தடவி, துருத்தியின் வாயை விளிம்பில் ஏற்றி, கிளிப் வைத்து முறுக்கினார். முறுக்கியதைக் கழற்றி மறுபடி முறுக்கினார்.

“மச்சான், சாமிக்கு அலங்காரம் பண்றது மாதிரி பண்றீக,” என்றான் கோபிநாத். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை.

“வாய மூடிட்டு லைட்டப் பிடி மாப்ள.”

“கத்தார்ல இதெல்லாம் பிலிப்பினோக்காரன் அரை மணி நேரத்துல முடிச்சுருவான்.”

“அவன் மச்சினன் ஓட்டுற போட்டா இருக்காது.”

சீல் போட்ட மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்காமல் அருள்பாண்டி கடையிலிருந்து வெளியே விட்டதில்லை. படகை எதில் முக்குவது? குளிக்கிற ஊருணி வறண்டு, நடுவில் கிரிக்கெட் ஸ்டம்பு நட்டிருந்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் தண்ணீர் இருந்தது. நாலு பக்கமும் கல்படி, உள்ளே இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, குடத்தில் முகந்துகொண்டு நகர வேண்டியதுதான். காவலுக்கு இருளாண்டி கம்போடு உட்கார்ந்திருப்பார்.

“டெஸ்ட்டுக்கு மட்டும்ணே. பின்பக்கம் மட்டும் முங்குனாப் போதும்,” என்றார் அருள்பாண்டி.

“இங்க காலையே நனைக்க விடுறதில்ல. நீ போட்டையே நனைக்கப் போறியா?”

“சுத்தமா கழுவி...”

“குடிக்கிற தண்ணியில டீசல் டெஸ்ட்டா அருளு? அங்குட்டுப் போ, போ. நல்லா இருப்ப.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்தக் கதையில் யார் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் அருள்பாண்டியின் கஷ்டம். ஷெட்டுக்குத் திரும்பி, ஓஸ் பைப்பை வைத்து ரப்பரின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார். உள்ளே ஒழுகவில்லை. மேலே பீய்ச்சுவதற்கும் உள்ளே முக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை தொண்டியில் படகை இறக்கினார்கள். முதல் விருந்தாளிகள் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. ஆச்சி காரிலிருந்து மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். அவையும் பினாங்கில் வாங்கியவை, பைகூடப் பிரிக்காதவை. அருள்பாண்டி தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார். கடல் முழுவதும் அவருக்கு முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவர் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, முட்டி போட்டு, டார்ச் வெளிச்சத்தில் அடித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை. கை வைத்துப் பார்த்தார். தூசி ஒட்டியது.

கரையில் ஆச்சி இட்லிப் பொட்டலத்தோடு நின்றாள்.

“பாத்தீகளா?” என்றாள். இட்லிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

அதற்கப்புறம் அருள்பாண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போயிற்று. படகு போகிறபோதெல்லாம் அவரும் போனார். கல்லல்காரர்கள் ஒரு தடவை குடும்பத்தோடு வந்து சுற்றினார்கள். சினேகா கைபேசியில் மாப்பிள்ளையைப் படம் எடுத்தாள், மூலையில் முட்டி போட்டிருந்தவரை வெட்டிவிட்டு ஸ்டேட்டஸில் போட்டாள். அவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று விருந்தாளிகள் கேட்டால், “பிரேயர்” என்றான் கோபிநாத். ரப்பர் விட்டுவிடும் என்று சொன்னவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அது விட்டால்தான் அவர் சொன்னது சரி. விடக் கூடாது என்று விழுந்து விழுந்து வேண்டிக்கொண்டவரும் அவர்தான். தன் பேச்சு பொய்க்க வேண்டும் என்று அய்யனாருக்கு நேர்ந்துகொண்ட மெக்கானிக் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில், திரும்பி வரும் வழியில், அடித்தட்டில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. துடைத்தார். மறுபடி வந்தது. வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு.

“மாப்ள, தண்ணி வருது! வேகமா கரைக்கு விடு!”

“மச்சான், போன வாரமும் இதத்தான் சொன்னீக. அது உங்க வேர்வை.”

“டேய், இது நெசமாவே வருதுடா!”

கோபிநாத் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் அருள்பாண்டியின் முட்டியைத் தொட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஒரு ஏப்பம் விட்டு நின்றது. பின்பக்கம் தாழ்ந்தது. வாளியால் மொண்டு ஊற்ற ஊற்ற, ஊற்றியதைவிடக் கூடுதலாக வந்தது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை ஒரு வளையத்தால் நிறுத்தியவர், அன்றைக்கு இரண்டு கையையும் ஓட்டையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். விரலிடுக்கில் ஊற்று மாதிரி வந்தது.

“மாப்ள, உனக்கு நீந்தத் தெரியும்ல?”

“தெரியாது மச்சான்.”

“கத்தார்ல ரெண்டு வருஷம் போட்டு ஓட்டுனியேடா!”

“அங்க போட்டு முங்கலியே!”

அன்றைய விருந்தாளி ஒரு உயரமான ஜெர்மானியர். அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கடலில் குதித்தார். குதித்து, நின்றார். தண்ணீர் நெஞ்சளவு. அந்தப் பக்கத்துக் கடல் ரொம்ப தூரத்துக்கு அப்படித்தான். எல்லாரும் இறங்கி, படகைத் தள்ளிக்கொண்டே நடந்து கரை சேர்ந்தார்கள். ஜெர்மானியர் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார். அருள்பாண்டி மட்டும் அடிக்கடி பின்னால் திரும்பிக் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர்கள் இருந்த இடத்தில் கால் தரைக்கு எட்டாது; அது அவருக்குத் தெரியும்.

மறுநாள் கிழிந்த துருத்தியைக் கழற்றி, நேராக ஆச்சியிடம் கொண்டுபோய் நீட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் வெடிப்பு. ஒரு மடிப்பு முழுசாகப் பிளந்திருந்தது. இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

“பாவம், உழைச்சுருச்சு,” என்றாள். “வாராவாரம் போனா என்னதான் தாங்கும்? நீங்க சொன்னது சரிதான் அருளு, ரப்பருக்கு வயசாகத்தான் செய்யுது. போயிப் பொட்டியில இருந்து புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க.”

அருள்பாண்டி கிழிந்த துருத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“ஆச்சி, அந்த ரப்பர இனி நான் மாட்ட மாட்டேன்.”

“ஐயோ, உங்களைக் கஷ்டப்படுத்துவேனா? மதுரையில ஒரு ஆள் இருக்கானாம். ரெண்டு மணி நேரத்துல மாட்டிக் குடுத்துருவானாம். அவன வரச் சொல்றேன்.”

அந்த மதுரைக்காரன் பதினொன்றையும் வளைத்துப் பார்க்க மாட்டான். மேலே கிடக்கிறதை எடுத்து மாட்டிவிட்டுப் போவான். அதில் ஏறி கோபிநாத் போவான். கல்யாணத்துக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ‘படகு கேப்டன்’ என்று அச்சடித்து, கல்லல் பக்கம் பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது.

“வேணாம் ஆச்சி. நானே மாட்டுறேன்,” என்றார்.

பதினொன்றையும் பரப்பி, வளைத்து, இருந்ததில் நல்லதை எடுத்து, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். எஞ்சினில் புகுந்த உப்புத் தண்ணீரைக் கழுவி ஓடவைக்கவே அந்த வாரம் சரியாகப் போயிற்று. யோகலட்சுமி சாப்பாட்டுத் தூக்கை ஷெட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கண்கள் சிவந்திருந்தன. தூக்கை வைத்துவிட்டு, “அவனுக்கு எதுக்கும் ஒரு தடவ நீச்சல்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அருள்பாண்டி கோபிநாத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கானாடுகாத்தான் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். அங்கே அவர் மோட்டார் பார்க்கிற பெரிய கிணறு ஒன்று உண்டு. பாதிக்குமேல் தண்ணீர் கிடக்கும். கோபிநாத்தின் இடுப்பில் நைலான் கயிற்றைக் கட்டினார். மறுமுனையைப் பம்ப் செட் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். கோபிநாத் படியில் நின்று கும்பிட்டான். அப்புறம் இறங்கினான். இறங்கியதும் தலை காணாமல் போயிற்று. மேலே வந்து, தண்ணீரைத் துப்பி, அலறினான்.

“மச்சான்! விட்டுறாதீக!”

“விடலடா. காலை அடி!”

“அடிக்கத்தான் செய்றேன்! முங்குது! அடிச்சுட்டு என்ன செய்ய?”

அருள்பாண்டி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அவரும் நீந்தத் தெரியாதவர். மோட்டார் இறக்குகிறபோது பக்கத்துக் கிணறுகளில் பையன்கள் குதித்து நீந்துவதைப் பார்த்திருக்கிறார்; காலை அடிப்பார்கள் என்று மட்டும் ஞாபகம்.

“காலை அடிடா மாப்ள,” என்றார், கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.